செவிக்கும் சீலம் உண்டு

(மைசூரில் உபோசத நாளன்று ஆற்றிய தம்ம உரை)



திரிசரணம் புகுந்து பஞ்சசீலம் ஏற்ற நாம், பொய் புகலேன் என்னும் நான்காம் சீலத்தை நாள்தோறும் ஓதி வருகின்றோம். வாயினால் விளையும் குற்றம் பொய் ஒன்றே அன்று. குறளை பேசுதல், கடுஞ்சொல் உரைத்தல், பயனிலாச் சொல் புகலுதல் என்பனவும் அதனோடு சேர்த்து எண்ணப்படும். இவற்றுள் குறளை என்பது ஒன்றுபட்டு வாழ்வோரிடையே சொல்லைப் புகுத்தி அவர்களைப் பிரித்தல். பொய் ஒருவனை ஏமாற்றும். குறளையோ ஓர் ஊரையே இரண்டாக்கும்.

இச் சீலம் நாவிற்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் கருதுகின்றனர். ஒருவன் சொல்லும் சொல்லை ஆயிரம்பேர் ஏற்றால்தான் அது வதந்தியாகும். ஏற்பார் இல்லையேல் அது சொன்னவன் வாயிலேயே மடியும். ஆதலின் குறளையில் பாதி நாவினது என்றால், மற்றப் பாதி செவியினது. செவிக்கும் சீலம் உண்டு என்பதே இன்று யான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

நம் நகரில் நம்மோடு வாழும் முஸ்லிம் மக்களைப் பற்றியும், கடல் கடந்த நாட்டினரைப் பற்றியும் நம் உள்ளத்தில் குடிகொண்டிருக்கும் எண்ணங்களைச் சற்றே எடுத்துப் பாருங்கள். அவற்றுள் நாமே கண்டு தெளிந்தவை எத்தனை? பத்திரிகையும் திரைப்படமும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் கொணர்ந்து கொட்டியவை எத்தனை? தேவராஜ சந்தையில் நமக்குப் பழம் நிறுத்துக் கொடுக்கும் பெரியவரை நாம் அறிவோம். அவருடைய சமயத்தார் அனைவரைப் பற்றியும் நாம் கொண்டிருக்கும் கருத்து அவரிடமிருந்து வந்ததா? அன்று; அது வேறெங்கிருந்தோ வந்தது.

பத்திரிகை இல்லாத காலத்திலும் இத் தீமை இருந்தது. போதிமாதவர் காலத்துச் சாவத்தி நகரில் நடந்ததை உதான நூல் உரைக்கின்றது. ததாகதருக்கும் அவர் சங்கத்தார்க்கும் மக்கள் செய்த சிறப்பைப் பொறாத பிற சமயத் துறவியர் சிலர், சுந்தரி என்னும் துறவுப் பெண்ணை ஜேதவனத்திற்கு அடிக்கடி சென்று வருமாறு தூண்டினர். ஊரார் அதைக் கண்டபின், அவளைக் கொல்வித்து அவ் வனத்தின் அகழியில் புதைத்தனர். பின்பு அரசனிடம் சென்று அவளைக் காணவில்லை என முறையிட்டு, தாமே தோண்டி எடுத்து, கட்டிலில் கிடத்தித் தெருத்தெருவாய்க் கொண்டுசென்று, சாக்கியத் துறவியரின் செயலைப் பாருங்கள் என்று கூவினர். அன்றுமுதல் பிச்சைக்குச் சென்ற பிக்குகளை ஊரார் வாய்க்கு வந்தவாறு ஏசினர். குற்றம் செய்தான் இவன் என்று ஒருவனைக் கூட அவர்கள் சுட்டவில்லை. காவியுடை உடுத்தார் அனைவரும் கொலைஞராயினர்.

இவ் ஆரவாரம் ஏழு நாளைக்குமேல் நில்லாது என்று கூறிப் பகவர் பொறுமை காத்தார். அவ்வாறே அது அடங்கிற்று. ஆயினும் அவ் ஏழு நாளும் ஒரு குற்றமும் அறியாத பிக்குகள் தெருவில் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். காணாத ஒன்றைக் கண்டதுபோல் நம்பி, ஒருவர் செயலை ஒரு கூட்டத்தின்மேல் ஏற்றி ஏசுதல் எத்தகைய கொடுமை என்பதை உலகில் முதலில் உணரவேண்டியவர் பௌத்தரே அல்லரோ?

இனி நம் மைசூருக்கு வருவோம். இங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள சீரங்கப்பட்டணத்தில் 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அவர் மடிந்த பின்னரும் அவரைப் பற்றிய படங்களின் போர் ஓயவில்லை. மறு ஆண்டே, 1800இல், ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் ஓவியர் சீரங்கப்பட்டணத்துக் கோட்டை பிடிபட்ட காட்சியை மாபெரும் ஓவியமாகத் தீட்டி லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஓர் ஐரோப்பியனைப் புலி கடித்துக் குதறுவதாக அமைந்த திப்புவின் மரப்பொறி, 1808முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. விசையைத் திருப்பினால் புலி உறுமும், மனிதன் முனகுவான். மைசூரைக் கனவிலும் கண்டிராத ஆங்கில மக்கள் அதைக் கண்டு, இந் நாட்டரசர் இத்தகைய கொடியர், இவரை வீழ்த்தியது அறமே என்று தேறினர். ஒரு நாட்டைக் கைப்பற்றியவர்க்கு அந் நாட்டாரைப் பற்றிய ஒரு படம் தேவைப்பட்டது. ஓவியமும் நாடகமும் காட்சிச்சாலையும் அதனைத் தந்தன.

இத்தகைய படம் நம் பள்ளிப் புத்தகத்துள்ளும் நுழைந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை வரலாற்றறிஞரும் பின்னாளில் ஒடிசா ஆளுநராக இருந்தவருமாகிய பி. என். பாண்டே எடுத்துரைத்துள்ளார். 1928இல் அலகாபாத்தில் மாணவர் சிலர் கையிலிருந்த வரலாற்றுப் பாடநூலைப் பிரித்தபோது, திப்பு கட்டாய மதமாற்றம் செய்ய முற்பட்டமையால் 3000 பிராமணர் தற்கொலை செய்துகொண்டனர் என்று அதில் எழுதியிருக்கக் கண்டாராம். எழுதியவர் அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரி. இதற்கு ஆதாரம் யாது என்று பாண்டே அவருக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுத, மைசூர் விவரச் சுவடியில் உள்ளது என்று விடை வந்ததாம். அதனோடு அமையாது, அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பிரஜேந்திரநாத் சீலுக்கு எழுதினார். அவர் அக் கடிதத்தைப் பேராசிரியர் ஸ்ரீகண்டையாவிடம் அனுப்பினார். அத்தகைய செய்தி அச் சுவடியில் எங்கும் இல்லை என்று பேராசிரியர் விடை எழுதியதாகப் பாண்டே கூறுகின்றார்.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். ஹரப்பிரசாத் சாஸ்திரியார் சிறியவர் அல்லர். 1907இல் நேபாளத்து அரண்மனை நூலகத்தில் சித்தர்கள் பாடிய பழம் பௌத்தப் பாடல்களாகிய சரியாபதங்களைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தவர். பௌத்தராகிய நாம் நன்றி பாராட்டவேண்டிய பெருமகனார். அத்தகையோர் பெயரிட்டு எழுதியதாயினும், ஆதாரம் எங்கே என்று ஒருவர் கேட்டபின்னரே உண்மை துலங்கிற்று. கேசபுத்த நகரத்துக் காலாமர்க்குப் பகவர் அருளிய அறிவுரையின் சாரமும் இதுவே அன்றோ? பலர் சொன்னார் என்பதற்காகவும், நூலில் உள்ளது என்பதற்காகவும், சொன்னவர் பெரியவர் என்பதற்காகவும் ஒன்றை ஏற்காதீர் என்று அவர் அறிவுறுத்தினார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் முறையன்று. 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, திப்பு அம் மடத்தின் தலைவருக்குப் பணிவோடு கடிதம் எழுதி, கோயிலைச் சீர்ப்படுத்தப் பொருளும் அனுப்பினார். அக் கடிதங்களை 1916இல் மைசூர்த் தொல்பொருள் துறைத் தலைவர் ஆர். நரசிம்மாச்சார் கண்டெடுத்தார். இது மெய். அதே திப்பு குடகரையும் மங்களூர்க் கிறிஸ்தவரையும் ஆயிரக்கணக்கில் சிறைபிடித்துச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுவந்து துன்புறுத்தினார், பலரை மதமாற்றினார். இதுவும் மெய். குடகர் இல்லங்களில் அத் துயரம் இன்றும் நினைவில் உள்ளது. ஒரு மெய்யைக் காட்டி மற்றொரு மெய்யை மறைப்பவன் பொய் சொல்லாமலே பொய்யனாகின்றான்.

1990இல் தூர்தர்ஷன் திப்புவின் வாளைப் பற்றிய தொடரை ஒளிபரப்பியது. அதற்கான படப்பிடிப்பின்போது 1989 பிப்ரவரியில் நம் மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் தீப்பற்றி 62 பேர் மாண்ட துயரத்தை இந் நகரம் மறக்கவில்லை. அத் தொடர் ஒரு நாவலைத் தழுவியது என்னும் அறிவிப்போடே காட்டப்பட்டது. அதில் அவர் குறையற்ற வீரர். 2022 நவம்பரில் மைசூர் ரங்காயணத்தில் அதன் அப்போதைய இயக்குநர் அட்டண்ட காரியப்பா எழுதிய நாடகம் அரங்கேறியது. அதில் அவர் கொடுங்கோலர். திப்புவைக் கொன்றவர்கள் ஆங்கிலேயர் அல்லர், உரி கௌடர், நஞ்சே கௌடர் என்னும் இரு வீரரே என்றும் அந் நாடகம் கூறிற்று. சில திங்களுக்குள் அப் பெயர்கள் மண்டியாவில் வரவேற்பு வளைவில் ஏறின. திரைப்படம் எடுக்கவும் அறிவிப்பு வந்தது.

அப்போது ஒருவர் செய்த செயலை நாம் போற்றவேண்டும். 2023 மார்ச்சில் ஆதிசுஞ்சனகிரி மடத்தின் தலைவர் நிர்மலானந்தநாத சுவாமிகள், படம் எடுக்க முனைந்த முனிரத்னாவை அழைத்து, தக்க சான்று இன்றி இதனைப் பரப்பலாகாது என அறிவுறுத்தினார். அவரும் படத்தைக் கைவிட்டார். அக் கதை அம் மடத்தைச் சார்ந்த ஒக்கலிகச் சமூகத்திற்கே பெருமை தேடித் தருவதாக இருந்தது. தம்மவர்க்குப் புகழ் தரும் கதையாயினும் சான்றில்லையேல் வேண்டா என்றார் அவர். அவர் வேறு சமயத்தவர். எனினும் செவிச்சீலம் என்று யான் கூறுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வளவும் இறந்துபட்ட ஓர் அரசரைப் பற்றியதுதானே, இதனால் இன்று யாருக்கு என்ன கேடு என்று நீங்கள் வினவலாம். கேடு விளைவது உயிரோடிருப்பார்க்கே. இருநூறு ஆண்டுகட்கு முற்பட்ட வாளின் கணக்கை, இன்று ஊதுவத்தி உருட்டிப் பிழைக்கும் ஓர் ஏழை முஸ்லிம் பெண்ணிடம் கேட்கும் மனநிலையை அப் படங்கள் உண்டாக்குகின்றன. 2017இல் கவிஞர் கே. எஸ். நிசார் அகமது சாமுண்டி மலையில் தசரா விழாவைத் தொடங்கி வைத்தார். 2025இல் எழுத்தாளர் பானு முஷ்தாக் அழைக்கப்பட்டபோது, அதைத் தடுக்க வழக்குகள் எழுந்து, உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அவற்றைத் தள்ளுபடி செய்தபின் விழா நடந்தது. மலை அதுவே, விழா அதுவே. இடையில் செவிகளில் நிரம்பிய இரைச்சல் மட்டும் பெருகியிருந்தது.

அயல்நாட்டாரும் இதற்குத் தப்பவில்லை. 2020இல் கொள்ளைநோய் பரவத் தொடங்கியபோது, டில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடிய தப்லீக் கூட்டத்தாரிடையே நோய் பரவியது மெய். ஆயினும் தொலைக்காட்சிகள் பல, அவர்கள் வேண்டுமென்றே நாட்டில் நோயைப் பரப்ப வந்த பகைவர் என்று இரவுபகலாய் முழங்கின. அதன் விளைவாகத் தள்ளுவண்டியில் காய்கறி விற்ற முஸ்லிம்களை ஊருக்குள் விடாது துரத்திய இடங்கள் உண்டு. ஒரு சிலர் செயலுக்காக ஒரு சமூகத்தையே பழிப்பவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கருநாடகத்தின் அப்போதைய முதலமைச்சர் எடியூரப்பா எச்சரிக்க நேர்ந்தது.

அவ் ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, இந்தோனேசியா, கானா, தான்சானியா முதலிய நாடுகளிலிருந்து வந்த 29 பேர் மீதான வழக்குகளை நீக்கியது. தீர்ப்பெழுதிய நீதிபதி நலவாடே, இவர்களே நோய் பரவக் காரணம் என்னும் தோற்றத்தை உண்டாக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பெரும் பிரசாரம் நடந்தது என்றும், இவர்கள் பலிகடாவாக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும் குறித்தார். 2021 ஜூனில், செய்தி ஒளிபரப்பு நெறிமுறை ஆணையம் இச் செய்திகளைத் தந்த முறைக்காகக் கன்னடத் தொலைக்காட்சி ஒன்றிற்கு ரூ. 1,00,000உம், மற்றொன்றிற்கு ரூ. 50,000உம் தண்டம் விதித்தது. குற்றச்சாட்டு நாள்தோறும் பெருமுழக்கமாய் வந்தது. திருத்தமோ ஓராண்டு கழித்து மெல்லிய குரலில் வந்தது. முன்னதைக் கேட்டவருள் பின்னதைக் கேட்டவர் எத்துணைப் பேர்?

இங்கே நாம் பிறரை மட்டும் சுட்டி அமையலாகாது. நம் வீட்டு வாயிலையும் நோக்குதல் வேண்டும். இலங்கையில் 2018 பிப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களர்க்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கின்றனர் என்னும் வதந்தி கைப்பேசி வழியே பரவியது. உணவில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என அரசின் சோதனை காட்டிற்று. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே, ஒரு சிங்கள ஓட்டுநர் தாக்குண்டு இறந்ததைத் தொடர்ந்து, கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு முகநூலைச் சில நாள் முடக்கியது. 2020இல் அந் நிறுவனமே தன் தளம் வெறுப்புக்குப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது. தீ வைத்தவர் யார்? நாம் ஓதும் அதே பஞ்சசீலத்தை ஓதி வளர்ந்தவர்களும் அவருள் இருந்தனர். சுந்தரியின் உடலைச் சுமந்து கூவிய கூட்டத்தின் இடத்தில் நம்மவரே நின்றனர். புத்தர் பெயரைச் சொல்வதால் மட்டும் செவி தூய்மையாகாது.

நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. நம் மக்களைப் பற்றி எத்தனை எத்தனை கட்டுக்கதைகள் பிறரால் எழுதப்பட்டன! இழிந்தோர் என்றும் தீண்டத்தகாதோர் என்றும் ஏட்டிலும் வாய்மொழியிலும் நம் முன்னோரைப் பற்றிப் பரப்பப்பட்டதை உலகம் மெய்யென்றே கொண்டது. எங்களைக் கேட்டு எழுதினீரா என்று வினவ அந் நாளில் யாருமில்லை. அக் குறையைத் தீர்க்கவே, 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கினார். ‘தமிழன்’ என்னும் பெயரோடு அவ் இதழ் பிற்காலத்தில் நம் மைசூர் இராச்சியத்துக் கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. தம்மைப் பற்றித் தாமே பேச ஓர் இதழ் வேண்டும் என்று வழிகண்ட மரபில் வந்த நாம், பிறரைப் பற்றி அவரைக் கேளாமலே நம்பலாமோ?

தமிழகத்துப் பௌத்தப் பெருங்காப்பியம் நமக்கு இவ் வழியைக் காட்டி வைத்துள்ளது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று, அவரவர் சமயத்தை அவரவர் வாயாலேயே கேட்டறிந்தாள். சைவத்தைப் பற்றி வைணவரிடமும், ஆசீவகத்தைப் பற்றி நிகண்டரிடமும் கேட்டு அமைந்தாளில்லை. எல்லாவற்றையும் கேட்டபின்னரே அறவண அடிகளிடம் தம்மம் உணர்ந்தாள். ஏற்பது வேறு, அறிவது வேறு. இஸ்லாத்தை ஏற்கவேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. இஸ்லாமியர் எத்தகையோர் என்பதை அவரோடு பழகி அறிக என்பதே யான் கூறுவது.

பயில்குப்பையில் வாழும் திபெத்தியரை எண்ணுக. 1960ஐ ஒட்டி நாடிழந்து இங்கு வந்தபோது, உடையிலும் மொழியிலும் உணவிலும் அவர்கள் முற்றிலும் அயலாரே. அறுபது ஆண்டுக்கு மேலாகச் சுற்றுப்புறச் சிற்றூரார் அவர்களோடு நிலத்திலும் சந்தையிலும் பழகி வருகின்றனர். அயலாரை அறிய இதுவே நேர்வழி.

ஆதலின் சகோதரர்களே, சகோதரிகளே, ஒரு சமூகத்தைப் பழிக்கும் செய்தி உங்கள் கைக்கு வருமாயின், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் நான்கு வினாக்களை உள்ளத்துள் எழுப்புங்கள். இதனைக் கண்டவர் யார்? இது ஒருவன் செயலா, ஓர் இனத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்படுகின்றதா? இதனால் என் நெஞ்சில் வளர்வது அன்பா, வெகுளியா? இதே சொல்லை என் மக்களைப் பற்றிச் சொன்னால் சான்றின்றி ஏற்பேனா? இவற்றிற்கு விடை கிட்டாத செய்தி உங்களோடு நிற்கட்டும்.

தவறு செய்தவன் முஸ்லிமாயின் அதை மறைத்தல் வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. மறைப்பதும் வாய்மையாகாது. திருடியவனைத் திருடன் என்று சொல்லுங்கள். அவன் தொழும் திசையைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். ஆனந்த தேரர் சூத்திரங்களை ஓதியபோது, தாம் கேட்டதாகவே சொல்லி, எவ்வூரில், எவர்முன் கூறப்பட்டது என்பதையும் உடன் வைத்தார். பகவரின் வாக்கையே இடமும் கேட்டவரும் கூறி ஓதிய மரபு நம்முடையது. ஊரும் பேரும் இல்லாத ஒரு வதந்திக்கு அதனினும் மிகுந்த மதிப்பை நாம் அளிப்பது எவ்வாறு பொருந்தும்?

நாளை காலை நீங்கள் வாங்கும் பத்திரிகையிலும், இன்றிரவே உங்கள் கைப்பேசியிலும் இத்தகைய செய்தி வரக்கூடும். அப்போது சாவத்தியின் தெருவில் ஓடு ஏந்தி நின்று, செய்யாத குற்றத்திற்கு வசை கேட்ட அப் பிக்குகளை நினைவு கூருங்கள். ஏசியவரும் கெட்ட மனிதர் அல்லர். கேட்டதை ஆராயாமல் நம்பினர், அவ்வளவே. அக் கூட்டத்தில் ஒருவராதலும், ஆகாதிருத்தலும் உங்கள் கையிலேயே உள்ளன. நாவினைக் காத்தது போலச் செவியினையும் காத்து, எல்லா மக்களிடத்தும் மைத்திரி பாராட்டி வாழ்வீர்களாக.

நமோ புத்தாய!